குசினிப் பக்கத்தால் ஒரு லினக்ஸ்

இன்று காலை கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. கடைக் கொம்பியூட்டரை மறுபடி போட்டேன். கறுப்புத் திரையில் அந்த இரண்டு வரிகள் வந்து நின்றன. மேலே கொம்பியூட்டரை ஓட்டுகிற பழைய லினக்ஸ் மென்பொருள், கீழே நீ போட்ட புதிய லினக்ஸ். ஒன்றையும் அமத்தாமல் விட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாகவே பழையதற்குள் போய்விடும். நீ போனதில் இருந்து நான் அப்படியே விட்டுக்கொண்டிருந்தேன். கீழே இருக்கிற வரியை இன்று காலைவரை ஒரு நாளும் அமத்தவில்லை. அதற்குள் நீ எதை வைத்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்குள் நான் கால் வைக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

எனக்கு அறியவேண்டியிருந்தது ஒன்றுதான், மச்சான். இந்தப் புதியதை நீ எனக்காகப் போட்டாயா, இல்லை என்னை விட்டுப் போவதற்கு ஆயத்தமாகப் போட்டாயா? உன்னிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்ற சந்தேகத்தில் கேட்காமல் விட்டேன். இப்போது மழுப்புவதற்கு நீ இல்லை.

என் குணம் உனக்குப் புதிதல்ல. "இந்த மனுசன் மழை பெய்தாலும் மேலை ஆர் நிண்டு தண்ணி ஊத்திறதெண்டு எட்டிப் பாக்கிற ஆள்" என்று என் மனைவி சாந்தி உன்னிடமே சொல்லியிருக்கிறாள். நீ அதைக் கேட்டு மேசையில் தட்டிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மேலே நின்று குண்டை ஊற்றியவர்களை எல்லாம் பார்த்த ஊர் இது.

நீ முதன்முதல் கடைக்குள் வந்த அன்றும் அப்படித்தான் பார்த்தேன். கையில் உன் வாப்பாவின் காணி உறுதிப் பத்திரம். போட்டோக்கொப்பி எடுக்க வேண்டும் என்றாய். கண்ணாடிக்கு மேல் அதை விரிக்கிறபோதே எந்தக் காணி, எவருடைய எல்லை என்று ஓரக்கண்ணால் வாசித்துவிட்டேன். புத்தளத்தில் இருந்து முஸ்லிம் ஆட்கள் வந்து பழைய காணிகளைக் கேட்கிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் கதை. உன் காணி எங்கள் பக்கம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மெஷினை ஓட விட்டேன். அது பாதியில் தாளைக் கடித்துக்கொண்டு நின்றது. நீ என்னைக் கேட்காமலே பக்கக் கதவைத் திறந்து, உருளையை மெல்லத் திருப்பி, தாளைக் கிழியாமல் எடுத்தாய்.

"பழகின மெஷினோ?" என்று கேட்டேன்.

"எல்லா மெஷினும் ஒரே மாதிரித்தான் கடிக்கும், மச்சான்" என்றாய்.

வந்த முதல் நாளே மச்சான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு மெல்ல மெல்ல உன் கதை தெரிந்தது. நமக்கு ஒரே வயது. தொண்ணூறில் முஸ்லிம் ஆட்களை வெளியேற்றியபோது சின்னப் பிள்ளையாக இந்த முல்லைத்தீவில் இருந்து தூக்கிக்கொண்டு போகப்பட்டவன், புத்தளத்தில் வளர்ந்து, கொம்பியூட்டர் திருத்தப் பழகி, வாப்பா மௌத்தான பிறகு அவருடைய காணியில் வீடு கட்ட வந்திருந்தாய். ஒரு தகரக் கொட்டில் போட்டு அதில் தங்கினாய். மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தைச் சாட்டிப் புத்தளத்திலேயே இருந்தார்கள். என் மேசையின் மறு அந்தத்தில் ஒரு கதிரையைப் போட்டாய். கொம்பியூட்டரும் போனும் திருத்துவது உன் பாடு. கொப்பியும் தட்டச்சும் ஒன்லைன் விண்ணப்பமும் என் பாடு. அந்த ஒழுங்கு எப்போது வந்தது, யார் சொல்லி வந்தது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை.

ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் நீ பையைத் தூக்கிக்கொண்டு வவுனியா பஸ்ஸுக்கு நடப்பாய். அங்கிருந்து புத்தளம். சனிக்கிழமை திரும்பி வந்து இறங்குவாய். நீ பஸ் ஏறினதும் பக்கத்து இரும்புக் கடைக்காரர் என் வாசலுக்கு வந்துவிடுவார்.

"அவைக்கு அங்கையும் வீடு, இஞ்சையும் வீடு. எங்கை வசதியோ அங்கை நிப்பினம். நீர் கவனமாய் இரும்" என்பார்.

நான் மறுத்துக் கதைக்கவில்லை. எனக்குள்ளும் அதே கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை நீ வந்து பையை வைக்க முதலே கேட்டுவிட்டேன்.

"உண்மையைச் சொல்லு. உனக்கு எது ஊர்?"

நீ கதிரையில் இருந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஆறுதலாகச் சொன்னாய். "ஒரு கொம்பியூட்டரில ரெண்டு லினக்ஸ் போட்டு வச்சா, எழும்பேக்கை எது வேணுமெண்டு கேக்கும். ஒண்டும் சொல்லாட்டி, கொஞ்ச நேரம் பாத்துட்டுத் தானா ஒண்டுக்குள்ள போயிரும். என்னை ஆரும் கேக்காம விட்டா, நான் முல்லைத்தீவுக்குள்ளதான் போவன்."

அழகான பதில். அழகான பதில் சொல்கிறவர்களை நான் இரண்டு தரம் பார்ப்பேன்.

கடைக்கு லினக்ஸ் வேண்டும் என்று கேட்டதே நான்தான். வருகிறவர்களின் பென் டிரைவில் எல்லாம் வைரஸ் இருக்கும் என்ற பயம். நீ போட்டுத் தந்தாய், அது வருடக்கணக்காக ஓடியது. பிறகு ஒரு நாள் திரையைக் காட்டிச் சொன்னாய்.

"இதுக்கு இனிப் புதுசா ஒண்டும் வராது, மச்சான். செய்தவங்களே கைவிட்டுட்டாங்கள். புதுசு போடோணும்."

"ஓடுதுதானே?"

"இப்ப ஓடுது. ஒரு நாளைக்கு இணையத் தளங்கள் இந்தக் கிழவரை உள்ளுக்கு விடாதுகள்."

"அழிச்சுப்போட்டுப் போடுவம் எண்டு சொல்லப்போறாய். அந்தக் கதை என்னட்டை வேண்டாம். இருக்கிறதை அழிச்சுப்போட்டு வாறதை நம்பி இருக்கிற ஆள் நான் இல்லை."

அதற்கு நீ கேட்டாய், "நீ வீடு கட்டேக்கை கொட்டிலைப் பிடுங்கிப்போட்டோ கட்டினனீ?"

அது எப்படி என்று உனக்கு நன்றாகவே தெரியும். சண்டைக்குப் பிறகு எங்கள் ஊரில் மீளக் குடியேறி வந்த எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். முதலில் தகரக் கொட்டில். அதற்குள் சமைத்து, சாப்பிட்டு, படுத்துக்கொண்டே பக்கத்தில் அத்திவாரம், பிறகு சுவர், பிறகு கூரை. வீட்டுத்திட்டக் காசு வந்து வந்து நிற்கும், சுவரும் வளர்ந்து வளர்ந்து நிற்கும். கொட்டில் நிற்கிறபடியால் யாரும் வெயிலில் நிற்கவில்லை. நானும் சாந்தியும் வீடு கட்டி முடித்து, பால் காய்ச்சிக் குடிபூரலும் செய்து, உனக்குச் சாப்பாடும் போட்டோம். அன்றிரவே பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி கொட்டிலுக்குப் படுக்கப் போனோம். கூரை நிற்குமோ, யாராவது வந்து எழும்பு என்பார்களோ என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாரி தொடங்கிக் கொட்டிலுக்குள் தண்ணி வந்த பிறகுதான் வீட்டுக்குள் போனோம். கொட்டில் இன்றும் நிற்கிறது.

"அது மாதிரித்தான் இதுவும். பழசுக்குள்ள இருந்துகொண்டே புதுசைக் கட்டுவம். பழசில ஒரு தகரமும் ஆடாது. நீ உன்ரை வேலையைச் செய், நான் பக்கத்தில கட்டிறன்" என்றாய்.

வேறு வழியும் இருக்கவில்லை. பென் டிரைவில் இருந்து எழும்பச் சொன்னால் நம் பழைய மெஷின் எழும்பாது. சீடித் தட்டு எப்போதோ திறக்காமல் போய்விட்டது. கடையையும் மூட ஏலாது. ஆனால் உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பது எனக்கு விளங்கவில்லை. மெஷின் என்னுடையது, கடை என்னுடையது. அதற்குள் நீ ஏன் ஒரு வீடு கட்டவேண்டும்? புத்தளத்தில் ஒரு கடை திறக்க ஆயத்தம், இங்கே என் மெஷினில் பழகிவிட்டு அங்கே கொண்டுபோகப் போகிறாய் என்று கணக்குப் போட்டேன்.

மெஷினுக்குள் இருக்கிற வட்டின் கடைசிப் பகுதியில் நான் கலியாண வீட்டு வீடியோக்கள் போட்டு வைத்திருந்தேன். நீ அவற்றை வேறு வட்டுக்கு மாற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, "இரிக்கோ? பாத்தியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பகுதியைத் துடைத்தாய். துடைத்த இடத்தில் புதியதின் அடிப்படைத் துண்டுகளை இணையத்தில் இருந்து இறக்கினாய். டேட்டா நத்தையாக வந்தது. ஆள் வந்தால் நான் விண்ணப்பம் அடிப்பேன். ஆள் போனால் நீ கதிரையை இழுத்துக்கொண்டு வருவாய். திரையின் மூலையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் உன் வரிகள் ஓடும். நான் தாள் அடுக்குகிற பாவனையில் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் வாசிப்பேன். எங்கேயாவது பிழையாக ஒரு வரி அடித்தால் பிடிக்கவேண்டும் என்பதற்காக, நீ எதற்குப் பிறகு எதை அடிக்கிறாய் என்று பாடமாக்கினேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் இன்று ஏதாவது கந்தோரில் உத்தியோகத்தில் இருந்திருப்பேன்.

பெரிய வேலை ஒன்று செய்யப் போனால் பழையது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதை நான் உனக்குச் சொன்னதில்லை. இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு நானே அடிப்பேன். நான் "சரி" என்னும்வரை முகத்தைத் திருப்பி வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பாய். வீதியில் பார்ப்பதற்கு என்ன இருந்தது? மீன் பெட்டி கட்டின மோட்டார் சைக்கிள்கள் போகும். இரும்புக் கடைக்காரரின் நாய் நிழல் தேடிக் குறுக்கே நடக்கும். அதையே ஏதோ தேர்த் திருவிழா மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரு தரமாவது கண்ணைத் திருப்புகிறாயா என்று நான் கவனித்தேன். நீ திருப்பவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

ஒரு நாள் நீ அந்தக் கறுப்புப் பெட்டியில் ஒரு வரி அடித்துவிட்டு, "இப்ப நான் புதுசுக்குள்ள நிக்கிறன்" என்றாய்.

மெஷினை நிறுத்தவில்லை. திரை மாறவில்லை. என் விண்ணப்பம் பக்கத்தில் அப்படியே திறந்து கிடக்கிறது. "அது இன்னும் எழும்பவே இல்லையே. எப்பிடி உள்ளை போனனீ? கடவுச்சொல்லும் கேக்கேல்லை?"

"முன் வாசலால வந்தா ஆரெண்டு கேக்கும். நான் பழசுக்குள்ளால, பின்னால சமைக்கிற குசினிப் பக்கத்தால வந்தனான். அதால வாற ஆளை ஒருத்தரும் கேக்கிறேல்லை."

"அப்ப ஆரும் போகலாமோ?"

"ஆரும் ஏலாது. பழசின்ரை திறப்பு, அந்தக் கடவுச்சொல், வச்சிரிக்கிற ஆள் மட்டும்தான். அது நீதானே?"

அந்த இடத்தில் நான் ஆறுதல் அடைந்திருக்கவேண்டும். ஆனால் உள்ளே போக முதல் நீ அடித்த நாலைந்து வரிகள் எதற்கு என்று கேட்டேன். "புது வீட்டுக்கு இன்னும் கிணறும் இல்லை, கரண்டும் இல்லை. கொட்டிலில இருந்து வயரும் குழாயும் இழுத்து விட்டனான். அது இல்லாம உள்ளுக்குப் போய் என்ன செய்யிற?" என்றாய். அதையும் பாடமாக்கி வைத்தேன்.

அந்த நாட்களில்தான் நீ சாந்தியின் தேத்தண்ணியைக் குடிக்காமல் விடத் தொடங்கினாய். முதலில் பாதியோடு வைத்தாய். பிறகு வேண்டாம் என்றே சொன்னாய். சாந்திக்கு முகம் சுண்டிப்போனது. "எங்கடை வீட்டுத் தண்ணி அவருக்கு இப்ப ஒத்துவரேல்லையாக்கும்" என்றாள். நான் அதையும் என் கணக்கில் சேர்த்தேன். ஆள் மெல்ல மெல்ல விலகுகிறான். உடம்பும் மெலிந்திருந்தாய். கேட்டால் பஸ் அலைச்சல் என்றாய்.

பிறகு அந்தப் பின்னேரம். நீ குசினிப் பக்கத்தால் உள்ளே போய் ஏதோ அடித்துவிட்டு, விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாய்.

"வா, இதில உன்ரை கடவுச்சொல் ஒண்டை அடி. நான் பாக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல வீதிப் பக்கம் திரும்பினாய்.

இத்தனை மாதமும் நீ தேடியது இதைத்தான் என்று எனக்குப் பட்டது. திரையில் என்ன எழுதியிருந்தது என்று நான் வாசிக்கவில்லை. உன் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புதியது உன் கையால் கட்டியது. அதற்குள் நான் அடிக்கிற எழுத்து எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்?

"பிறகு அடிக்கிறன்" என்றேன்.

நீ இன்னும் கொஞ்ச நேரம் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மனம் மாறுவேன் என்று காத்திருந்தாய் போலும். பிறகு திரும்பி, "சரி, அது காத்திரிக்கும். பழசைத்தான் மேல விட்டிரிக்கிறன், தானா அதுக்குள்ளதான் போகும். நீ பயப்பிடாத" என்று சொல்லிப் பெட்டியை மூடினாய்.

அதன் பிறகும் சில வாரங்கள் வந்தாய். பிறகு ஒரு சனிக்கிழமை பஸ் வந்தது, நீ இறங்கவில்லை. அடுத்த சனியும் இல்லை. போன் எடுத்தால் உன் தம்பி எடுத்து, "நானாவுக்குச் சுகமில்ல" என்று அண்ணனான உன்னைப் பற்றி அவ்வளவும்தான் சொல்லுவான். இரும்புக் கடைக்காரர் என் வாசலில் நின்று, "நான் சொன்னனான்தானே" என்றார். நான் தலையாட்டினேன். புத்தளத்தில் கடை திறந்துவிட்டான், சொல்ல வெட்கப்பட்டுத் தம்பியை விட்டுக் கதைக்க வைக்கிறான் என்று வீட்டில் போய்ச் சாந்தியிடம் அடித்துச் சொன்னேன்.

உன் தம்பி ஒரு நாள் காலையில் போன் எடுத்து நீ மௌத்து என்று சொன்னபோதுகூட நான் முதலில் நம்பவில்லை. புத்தளம்வரை பஸ்ஸில் போகிறபோது, இறங்கினதும் நீ எதிரில் வந்து சிரிப்பாய் என்று ஒரு பக்கத்தால் நினைத்துக்கொண்டே போனேன். நான் போய்ச் சேருமுன்பே உன்னை அடக்கிவிட்டார்கள். தம்பி என்னைப் பள்ளிவாசல் மதிலோரம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான்.

"நானாவுக்குச் சிறுநீரகம் ரெண்டும் பழுது. ஒவ்வொரு வெள்ளியும் இங்க கிளினிக். தண்ணியும் அளவாத்தான் குடிக்கச் சொல்லி இரிந்திச்சி. அங்க ஆருக்கும் சொல்ல வாணாம் எண்டு சொல்லிட்டார்."

நீ எதையோ மறைக்கிறாய் என்று நான் சந்தேகப்பட்டது சரி. எதை என்பதுதான் பிழையாகிப்போனது. எனக்கு உன்மேல் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்காக ஒரு பொம்பிளையின் மனம் நோகும் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாய். அழுகை பிறகு, திரும்பி வருகிற பஸ்ஸில், வவுனியாவுக்கு இந்தப் பக்கம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகும் நான் புதியதைத் தொடவில்லை. ஆளைப் பற்றிய கதை வேறு, ஆள் விட்டுப்போன பெட்டியைப் பற்றிய கதை வேறு.

இன்று காலை கரண்ட் போய் வருமுன்பே மீன்வாடியில் வேலை செய்கிற அக்கா ஒருவர் வந்து வாங்குப் பலகையில் இருந்தார். மகளின் படிப்புக்கு ஒன்லைன் விண்ணப்பம். நாளைக்கு முடிகிறதாம். நேற்று முழுக்க அந்தத் தளம் வெள்ளைத் தாளாகவே வந்து நின்றது. தளத்தைச் சந்தேகித்தேன், ரவுட்டரைச் சந்தேகித்தேன், கரண்டைச் சந்தேகித்தேன். பிறகு கீழே சின்ன எழுத்தில் இருந்ததை வாசித்தேன். என்னுடையது மிகப் பழையது, உள்ளே விட ஏலாதாம். நீ சொன்ன நாள் வந்துவிட்டது.

"தம்பி, ஏலாதெண்டாச் சொல்லுங்கோ. நான் வேறை கடையைப் பாக்கிறன்" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே கைப்பையைத் தூக்கினார். அவர் போனால் நாளைக்கு எல்லாரும் போவார்கள்.

"இருங்கோ அக்கா" என்று சொல்லி, கறுப்புத் திரையில் நின்ற இரண்டு வரிகளில் கீழே இருந்ததை அமத்தினேன்.

அது எழும்பி, பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. உன் பெயரை அடித்தேன். உன் மகளின் பெயரைக் கடவுச்சொல்லாக அடித்துப் பார்த்தேன். பிழை என்றது. புத்தளம் என்று அடித்தேன். பிழை. முல்லைத்தீவு. பிழை. பார், பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று எனக்குள் பழைய ஆள் எழும்பி நின்றான். உண்மையைச் சொன்னால், அவன் எழும்பினதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. உன்மேல் சந்தேகப்படுகிறபோது நீ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது.

பிறகுதான் குசினி நினைவுக்கு வந்தது.

மறுபடி பழையதற்குள் போனேன். கறுப்புப் பெட்டியைத் திறந்து, உன்னைப் பிடிப்பதற்காகப் பாடமாக்கிய வரிகளை அதே ஒழுங்கில் அடித்தேன். வட்டில் நீ கட்டிய பகுதியை, பழையதற்குள் இருந்து தெரிகிற மாதிரி, ஒரு கோப்புறையில் கொழுவினேன். உள்ளே போகிற வரியை அடித்தேன். போனேன், ஆனால் உள்ளே ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை, எதைக் கேட்டாலும் பிழை என்றது. வயரும் குழாயும் இழுக்க மறந்திருந்தேன். வெளியே வந்து அதையும் இழுத்துவிட்டு மறுபடி போனேன். இந்த முறை எல்லாம் மறுமொழி சொன்னது. கடவுச்சொல் ஒன்றும் கேட்கவில்லை.

பாவிக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் மெஷின் ஒதுக்குகிற அறைகள் இருக்கிற இடத்தை முதலில் பார்த்தேன். உன் அறையைத் திறந்து நீ எதை வைத்தாய் என்று பார்க்கவேண்டும். அங்கே ஒரே ஒரு அறைதான் இருந்தது. அதில் என் பெயர் எழுதியிருந்தது.

நம்பாமல் ஆட்களின் பட்டியலையும் திறந்து பார்த்தேன். மெஷின் தன் வேலைக்கு வைத்திருக்கிற பெயர்களைத் தவிர மனுசப் பெயர் ஒன்றுதான். உன் பெயர் எங்கேயும் இல்லை. என் பெயருக்கு நேரே கடவுச்சொல் இடம் வெறுமையாகப் பூட்டிக் கிடந்தது. அன்றைக்கு நீ வீதியைப் பார்த்துக்கொண்டு எனக்காக விட்ட இடம் அது.

அடித்தேன், மச்சான். பழக்கத்தில் இடது கை தானாகவே விசைப்பலகையை மறைத்தது. யாருக்கு மறைக்கிறேன் என்று நினைத்ததும் கையை எடுத்துவிட்டேன். அடிக்கிற எழுத்து திரையில் தெரியவில்லை. மறுபடி அடி என்றது, அடித்தேன். மெஷினை நிறுத்திப் போட்டு, கீழ் வரியை அமத்தி, என் பெயரைச் சொல்லி முன் வாசலால் போனேன். என் விரலுக்குப் பழகின பழைய தமிழ் விசை ஒழுங்கையே வைத்திருந்தாய். போட்டோக்கொப்பி மெஷினையும் புதியதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். பழையதில் இருக்கிற என் கடிதங்கள் எல்லாம் இதில் இருந்தும் திறந்தன. கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம் இறக்கிவிட்டுப் போயிருக்கிறாய். அந்தத் தளம் திறந்தது. அக்காவின் மகளுக்கு விண்ணப்பம் போனது. "முதலே இதைச் செய்திருக்கலாமே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கடையில் நானும் இந்த மெஷினும்தான். சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. புதிதாக ஒன்று வந்திருக்கிறது. இவ்வளவையும் கட்டிய நீ உனக்கென்று ஓர் அறை ஏன் கட்டவில்லை? வீட்டுக்காரன் முதலில் குடிபூரட்டும், பிறகு பார்ப்போம் என்று என் கடவுச்சொல்லுக்காகக் காத்திருந்தாயா? இல்லை, இதில் வந்து இருக்க உனக்கு நாள் இல்லை என்று அப்போதே தெரிந்திருந்ததா? தம்பியிடம் கேட்டால் அவனுக்குத் தெரியாது. நீயும் சொல்லப்போவதில்லை. உன்மேல் நான் பட்ட சந்தேகங்களில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். இது ஒன்றை வைத்திருக்கப் போகிறேன்.

எனக்கு அறை கட்ட நீ அடித்த வரி மெஷினின் நினைவில் இன்னும் கிடந்தது; அதே வரியை நானும் அடித்தேன், உன் பெயரைப் போட்டு. உன் பெயரில் ஓர் அறை உண்டாகியது. பிறகு அது கடவுச்சொல்லைக் கேட்டது.

விசைப்பலகையை உன் கதிரைப் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பி வீதியைப் பார்த்தேன். இன்றைக்குச் சனிக்கிழமை. வவுனியா பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது.